எழுத்துகள் இருக்கட்டும்: தீவிலும் மலையிலும் படித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகளே,

வணக்கம். போன மாதம் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நாம் படித்த பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் மலை வளாகத்தில் இன்னும் ஈ பிளாக், ஹெச் பிளாக், டி பிளாக் என்று வெறும் எழுத்தைச் சொல்லித்தான் கட்டடங்களைக் கூப்பிடுகிறார்கள், இது நமக்கு அவமானம், நம் பெரியவர்களின் பெயரை வைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுப்போம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இருபது பெயர்கள். அதற்கும் கீழே கையெழுத்துக்குக் கோடுகள்.

நான் கையெழுத்துப் போடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். எதிரே இருந்த அண்ணன் ஒருவர் கவனித்துவிட்டார். "ஏம்மா, நம்ம ஆளுங்க பேரு வர்றது உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். அப்போது வாயில் வடை இருந்தது. அதோடு, சாவு வீட்டில் வாதம் செய்யவும் மனம் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறேன். அந்த மலையில்தான் நான் தமிழைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கினேன். அங்கே அன்று தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் பட்டத்துக்குப் படிக்கலாம். அந்தத் துறைகள் பின்னாளில் மூடப்பட்டன. வாசிக்க வராதவர்கள் கோயில் பள்ளியில் தமிழ் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் பயிற்சி ஆகும்.

முதலில், மலைக்கு வருமுன் நம் கல்லூரி இருந்த தீவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். தாளில் இருபது பெயர் இருந்தும் தீவைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களை நிறவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1959இல் வந்தது. இந்தியருக்கென்று ஒரு கல்லூரியை 1961இல் திறந்தார்கள். இடம் டர்பன் வளைகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரித் தீவு. கடற்படை விட்டுப்போன பாசறைகள்தான் வகுப்பறைகள். கரையிலிருந்து படகில் போக வேண்டும். அந்த முதல் வருடம் சேர்ந்தவர்கள் நூறு பேருக்குச் சற்று மேல். நிறவெறியை எதிர்த்த இங்கத்திய காங்கிரஸ் இயக்கத்தார் அந்தக் கல்லூரியைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அதனால் ஆரம்ப வருடங்களில் கூட்டம் அதிகம் சேரவில்லை. போகாதவனுக்குப் படிப்பு போயிற்று, போனவனுக்கு ஊரில் ஏச்சு கிடைத்தது. எங்கள் வீட்டில் பெரியண்ணன் போனவன்.

அவன் 1965இல் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆண் பிள்ளைகள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வர வேண்டும் என்று விதி. எங்கள் வீட்டில் அதற்கு முன் டை இருந்ததே இல்லை. அப்பா மார்க்கெட்டில் காய்கறி விற்றவர். சொந்தக்காரர் ஒருவரின் கல்யாண டை, பழுப்பு நிறம், அதை வாங்கி வந்தார்கள். தினமும் காலையில் அண்ணன் சட்டைக்குக் கஞ்சி போட்டுப் பெட்டி தேய்ப்பது அம்மா, டையை நீவிக் கொடுப்பது நான். பஸ் பிடித்து டவுனுக்குப் போய், துறைமுகத்துக்கு நடந்து, படகு ஏறினால் உப்புக் காற்றில் அந்தக் கஞ்சி எல்லாம் வழுவழுவென்று ஆகிவிடும் என்று அண்ணன் சொல்வான். காற்று திரும்பினால் பிளஃப் பக்கத்துத் திமிங்கல ஆலையின் வாடை வேறு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் கோட்டை வாசலிலேயே கழற்றச் சொல்வாள்.

அதே வளைகுடாவுக்குத்தான் 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு வந்து நங்கூரம் போட்டது. நூற்றொரு வருடம் கரும்பு வெட்டி, ரயில் பாதை போட்டு, காய்கறி விற்று, மூன்று தலைமுறை கரையில் வேர் விட்ட பிறகு, பிள்ளைகளைப் படிக்க வை என்றதும் அரசாங்கம் காட்டிய இடம் திரும்பவும் தண்ணீர்தான். அண்ணன் இதைச் சொல்லிச் சிரிப்பான். அப்பாவுக்குச் சிரிப்பு வராது.

அந்தத் தீவு மந்தமான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கம் வைத்த நிபந்தனைகளோடு மாணவர் பேரவை வேண்டாம் என்று மாணவர்கள் மறுத்துவிட்டார்கள். ஸ்ட்ரினி மூட்லி அங்கே படித்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். சாத்ஸ் கூப்பர் அங்கே படித்தவர். ஸ்டீவ் பிக்கோவோடு சேர்ந்து கருப்பர் விழிப்புணர்வு இயக்கத்தில் நின்ற இருவரும் 1976இல் தண்டனை வாங்கி ராபன் தீவுக்குப் போனார்கள். ஒரு தீவில் படித்து இன்னொரு தீவில் சிறை. கூப்பர் பின்னால் நம் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக வந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கதைக்கு ஒரு கட்டடத்தின் நெற்றியில் மூன்று சொல் எழுதினால் போதுமா?

சரி, மலைக்கு வருவோம். 1971இல் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. அடுத்த வருடம் வெஸ்ட்வில் மலைக்கு மாற்றினார்கள், டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்று பெயர் வந்தது. வெஸ்ட்வில் வெள்ளைக்காரர் பகுதி. ரிசர்வாயர் ஹில்ஸ் நம்மவர் பகுதி. நடுவில் பால்மியட் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. அதற்கு மேலே நம் செங்கல்லும் கான்கிரீட்டும். வெஸ்ட்வில் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று படிக்கும்போது நம்மில் யார் கேட்டோம்? டர்பன் இருக்கும் நேட்டாலின் முதல் துணை ஆளுநர் மார்ட்டின் வெஸ்ட். 1845இல் பதவிக்கு வந்தவர். நேட்டால் என்பதோ போர்த்துகீசியச் சொல். 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோடகாமா கரையோரமாகப் போனபோது வைத்துவிட்டுப் போன பெயர். டர்பன் என்பது கேப் ஆளுநராக இருந்த பெஞ்சமின் டர்பன். ஆக, நம் பட்டச் சான்றிதழின் தலைப்பில் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் கோடு போட்டு நிற்கிறார்கள். அதைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருக்கிறோம்.

அந்த மலையில் கட்டடங்களுக்குப் பெயர் இல்லை, எழுத்துதான். நான் 1975இல் முதல் நாள் போனபோது கையில் ஒரு காகிதம், அதில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எல்லாச் சுவரும் ஒன்று போலவே இருக்கும். மூன்று முறை மாடி ஏறி இறங்கி, கடைசியில் துப்புரவு செய்துகொண்டிருந்த ஓர் அக்காதான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாள். எழுத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. பழகிய விஷயம்தானே என்றிருந்தது.

எப்படிப் பழகிற்று என்று சொல்கிறேன். ஒப்பந்தத்தில் வந்த என் கொள்ளுத்தாத்தாவுக்கு நேட்டாலில் ஒரு நம்பர் உண்டு. வந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. பெயரைக் கூப்பிட நாக்கு வளையாத துரைமார்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். டர்பனின் கேட்டோ மேனரில் எங்கள் வீட்டுக்கு அப்பா தன் கையால் நட்ட மாமரம்தான் அடையாளம். அங்கிருந்து, நிறவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டத்தைக் காட்டி எழுப்பிச் சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். அங்கே ஊருக்கு யூனிட் நம்பர், தெருவுக்கும் நம்பர். ரோடு முந்நூற்றுச் சொச்சம், வீடு இத்தனை. சாட்ஸ்வொர்த்துப் பிள்ளைகள் "நான் யூனிட் த்ரீ, நீ யூனிட் செவன்" என்று சொல்லித்தான் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பார்கள். எண்ணும் எழுத்தும் என்று பாட்டுவாத்தியார் சொல்லிக்கொடுத்தது வேறு, எங்களுக்குக் கிடைத்த எண்ணும் எழுத்தும் வேறு.

அதனால்தான் சொல்கிறேன், அந்த எழுத்துகள் இருக்கட்டும். அவற்றின் மேல் இன்று ஒரு பெரியவர் பெயரை ஒட்டினால், நாளை வரும் பிள்ளை என்ன நினைப்பாள்? ஆரம்பத்திலிருந்தே இந்த இடத்துக்கு மரியாதை இருந்திருக்கிறது, நம் தலைவர்கள் பெயரிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே? டி பிளாக் என்கிற ஒற்றை எழுத்து பொய் சொல்லவில்லை. யார் யாருக்காக எந்த மனதோடு இதைக் கட்டினார்கள் என்பதை அது அப்படியே சொல்லிவிடுகிறது.

எதிர்ப்பக்க மலையைப் பாருங்கள். ஹவர்ட் காலேஜ், நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரியின் கட்டடம். 1931இல் திறந்தது. சொம் போரில் 1916இல் இறந்த மகன் ஹவர்டின் நினைவாக டி. பி. டேவிஸ் கொடுத்த பணத்தில் எழுந்தது. பிள்ளையை இழந்த தகப்பனின் துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த டேவிஸ் பணம் சேர்த்தது டர்பன் துறைமுகத்தில், கப்பலில் சரக்கேற்றி இறக்கும் தொழிலில். துறைமுகத்துக் காசில் மலை மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தூண் வைத்த மண்டபம், மலையடியில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்குத் துறைமுகத்துக்குள் பாசறை. இந்தக் கணக்கு எப்போது நினைத்தாலும் எனக்குச் சரிவராது.

தீவுக்கு முந்தைய கதை இன்னும் ருசியானது. 1936இலிருந்து நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் பாடம் நடத்தியது. ஆனால் ஹவர்ட் காலேஜில் இல்லை. மேபல் பாமர் என்கிற அம்மா முன்னின்று நடத்த, சாஸ்திரி காலேஜ் என்ற நம்மவர் உயர்பள்ளியில் சாயங்காலமும் வாரக் கடைசியிலும் வகுப்பு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, உயர்பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பி.ஏ. படித்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். பாடம் நேட்டால் கல்லூரியின் பாடம், படிகள் சாஸ்திரி காலேஜின் படிகள்.

சாஸ்திரி காலேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. 1929இல் நம்மவர் காசு சேர்த்துக் கட்டிய பள்ளி அது. இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாக 1927இல் இங்கே வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயர். தமிழர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமான்காரர். அந்தப் பள்ளியில் படித்த பத்துப் பேரை நிறுத்தி, சாஸ்திரி யார் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். "யாரோ சாமியார்" என்று ஒருவர் சொன்னார். பெயர் தொண்ணூற்றைந்து வருடத்துக்கு மேல் வாயில் புழங்குகிறது, மனிதர் காணாமல் போய்விட்டார்.

எம். எல். சுல்தான் கதை நேர்மாறு. 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்த மலபார்க்காரர். உழைத்துச் சேர்த்த பணத்தைத் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். 1946இல் கல்லூரி தொடங்கியது. 2002இல் டெக்னிக்கான் நேட்டாலோடு இணைத்து, அப்புறம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றியும், அந்த வளாகம் மட்டும் இன்றைக்கும் எம். எல். சுல்தான் வளாகம்தான். டாக்ஸி ஓட்டுநரும் அப்படித்தான் சொல்கிறார். காரணம் எளிது. அந்தப் பெயரைக் குழு வைத்து ஓட்டுக்கு விடவில்லை. ஆள் கொடுத்தார், ஊர் பார்த்தது, வாய் பழகிற்று.

குழு வைத்த பெயர்களும் நம் நகரத்தில் இருக்கின்றன. 2008 வாக்கில் நகரசபை தெருப் பெயர்களை மொத்தமாக மாற்றியபோது கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுப் தாது தெரு ஆயிற்று. பைன் ஸ்ட்ரீட் மாண்டி நாய்க்கர் ரோடு. பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் குணம் தெரு. நேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிரான்சுவா ரோட்டுக்கு, 1978 ஜனவரியில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பல்கலைக்கழக ஆசிரியர் ரிக் டர்னரின் பெயர். எல்லாம் நிறவெறியை எதிர்த்தவர்கள், தகுதியான பெயர்கள். குணம் அம்மாவின் பெயரை முதல்முறை தெருப் பலகையில் பார்த்தபோது நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1946 அறப்போரில் சிறைக்குப் போன பெண். ஆனால் என் தங்கை இன்னும் "கிரே ஸ்ட்ரீட்டில் புடவை எடுத்தேன்" என்றுதான் சொல்கிறாள். நானும்தான். கொள்கை மேலே, நாக்கு கீழே.

உங்கள் தாளில் இருக்கும் பெயர்களில் பாதிக்கு ஏற்கெனவே டர்பனில் தெருவோ ரோடோ உண்டு. ஒருவருக்கே இன்னொன்று எதற்கு? இதையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள்: இருபதில் பெண் பெயர் ஒன்று. அதுவும் கடைசி வரியில், பேனா மை வேறு. யாரோ ஓர் அக்கா பின்னால் சேர்த்திருக்க வேண்டும்.

வைத்த பெயர் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2015 மார்ச்சில் ஹவர்ட் காலேஜ் முன்னால் நிற்கும் ஐந்தாம் ஜார்ஜ் சிலை மேல் வெள்ளைப் பெயிண்ட் ஊற்றினார்களே, மறந்துவிட்டதா? அடுத்த மாதமே கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வெள்ளை ஆதிக்கக்காரர் ரோட்ஸின் சிலையைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அங்கே ஜேம்சன் ஹால் 2018இல் சாரா பார்ட்மன் ஹால் ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ரோட்ஸ் போனதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பேச்சுக்கு எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு வெஸ்ட்வில்லில் அந்தப் படிகளில் ஏறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜுலு பேசுகிறவர்கள். 1984இல் எல்லா இனத்தாருக்கும் கதவைத் திறந்து, 2004 ஜனவரியில் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு ஒன்றாகி, இன்று அது க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைகளிடம் நாம் போய், இந்த இருபது கட்டடமும் எங்கள் ஆட்கள் பெயரில் இருக்கட்டும் என்று கேட்பது எப்படி இருக்கும்? நம்மை இந்தியர் கல்லூரி என்று தனியாகப் பிரித்தது அன்றைய வெள்ளை அரசாங்கம் செய்த வேலை. அந்த வேலியை நாமே போய்த் திரும்ப நட வேண்டுமா?

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். பெயர் வைப்பது முடிவானாலும் எழுத்துக்கூட்டுவது யார்? கவுண்டர் இங்கே கவெண்டர் ஆனார். படையாட்சி படயாச்சி ஆனார். முனுசாமி மூன்சாமி. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான், நாம் அதையே பிறப்புச் சான்றிதழில் ஏற்றிக்கொண்டோம். பலகையில் குமாஸ்தாவின் எழுத்தா, ஊர்ப் பெயரா? இதை முடிவு செய்யவே மூன்று கூட்டம் போடுவீர்கள், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். நம்மைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அந்தக் கப்பல் குமாஸ்தாவிடம்தான் என் உண்மையான கோரிக்கையும் இருக்கிறது. 1860க்கும் 1911க்கும் நடுவில் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பாலோர் மதராஸில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு. அந்தப் பதிவுகளின் தொகுப்பு எங்கே பார்க்கக் கிடைக்கிறது? நம் மலையிலேயே, காந்தி-லுத்துலி ஆவண மையத்தில். பெயர் இல்லாத வளாகம் என்று மனு எழுதுகிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் நம் பெயர் அவ்வளவு அடர்த்தியாக இருக்கும் இடம் வேறு ஏது?

நான் அங்கே என் கொள்ளுத்தாத்தாவின் வரியைப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். பாடம் சொல்லிக்கொடுத்த முப்பது வருடத்தில் நேரம் கிடைக்கவில்லை, அல்லது நான் ஒதுக்கவில்லை. வட ஆற்காடு ஜில்லா. வயது 22. இடது புருவத்தில் தழும்பு. என் பெரியண்ணனுக்கும் இடது புருவத்தில் தழும்பு உண்டு, தீவுப் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மேசையில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் கேட்பது என்ன?

கட்டடங்களுக்குப் பெயர் கேட்கும் மனுவைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை, திருத்தி எழுதச் சொல்கிறேன். முதல் கோரிக்கை தீவுக்காக இருக்கட்டும். சாலிஸ்பரித் தீவு இப்போது தீவாகவே இல்லை. சுற்றிலும் மண்ணைக் கொட்டி நிரப்பி, கரையோடு ஒட்டி, கண்டெய்னர்களும் கடற்படையுமாக இருக்கிறது. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. பேரனைக் கூட்டிக்கொண்டு போய், "இதோ, இங்கேதான் உன் பெரிய தாத்தா படித்தார்" என்று காட்ட முடியாத இடம். ஆகவே துறைமுகத்தில் மக்கள் நடக்கிற கரையில் ஒரு கல் வேண்டும். நகரசபை, துறைமுகத்தார், பல்கலைக்கழகம் மூவரிடமும் கேட்க வேண்டியது அது. ஆங்கிலத்திலும் ஜுலுவிலும் இருக்கட்டும், தமிழிலும் ஒரு வரி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்தத் தலைவர் பெயரும் வேண்டாம். இங்கிருந்து படகு போயிற்று, 1961 முதல் 1971 வரை, இன்ன சட்டத்தால், இன்ன படிப்புக்கு என்று மட்டும் இருந்தால் போதும். டை கட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தால் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

இரண்டாவது, மலையில் எழுத்துகள் அப்படியே இருந்து, ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக நான்கு வரி. இந்தக் கட்டடத்தில் என்ன படித்தார்கள், என்ன நடந்தது. எந்தத் தாழ்வாரத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி வகுப்புகள் நடந்தன என்று. எண்பதுகளில் வகுப்பைப் புறக்கணித்த பிள்ளைகள் எங்கே கூடினார்கள் என்று. தலைவர்களுக்கு ஒரு வரி வரட்டும், மறுக்கவில்லை. அதே அளவு எழுத்தில் அந்தத் துப்புரவு அக்காமாருக்கும் ஒரு வரி. எனக்கு வழி காட்டியவள் பெயரை நான் அன்று கேட்கவே இல்லை என்பது இன்னும் குத்துகிறது.

மூன்றாவது, இது பல்கலைக்கழகத்திடம் கேட்பது இல்லை, உங்களிடம் கேட்பது. நாம் அந்த வளாகத்தில் வைத்த பெயர்கள் இருக்கின்றனவே, அவற்றை யாராவது எழுதி வைத்தோமா? ரிசல்ட் ஒட்டும் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சைக் கண்ணீர்ப் பெஞ்சு என்போம். பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை எங்கள் வகுப்புக்கு மாமியார் ரோடு. அதில் போனால் ரிசர்வாயர் ஹில்ஸில் ஒருத்தியின் வருங்கால மாமியார் வீட்டுக் கொல்லையில் போய் நிற்கும். நூலகத்துக்குப் பின்னால் இருந்த மரத்துக்கு ஒரு பேராசிரியர் பெயர். ஏன் என்று இங்கே எழுத முடியாது. தீவில் படித்தவர்கள் அங்கே வைத்த பெயர்கள் இன்னும் நிறைய இருக்க வேண்டும். பெரியண்ணன் இரண்டு மூன்று சொல்லுவான். அவன் போய் ஆறு வருடம் ஆகிறது, ஒன்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டுக் குறித்து வைத்திருக்க வேண்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தீவுக்காரர்களில் இளையவருக்கே இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். பதினாறாம் நாள் சாப்பாட்டில்தான் நாம் அதிகமாகச் சந்தித்துக்கொள்கிறோம். மனு நகரும் வேகம் நமக்குத் தெரியும், நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். அதனால் வரைபடத்தை முதலில் முடிப்போம். தீவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, பெரிய அட்டையில். ஆளுக்கொரு பென்சில். நினைவில் இருக்கும் இடத்தைக் குறித்துப் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். ஆங்கிலமோ தமிழோ, கெட்ட வார்த்தையோ, எதுவும் சரி. இரண்டு பேர் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுவோம். முடிந்ததும் ஆவண மையத்தில் கப்பல் பதிவுகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கொடுப்போம்.

அட்டையும் பென்சிலும் நான் வாங்கி வைத்துவிட்டேன். அனுமதி கேட்டு வாயிற்காவலரிடமும் பேசிவிட்டேன். ஜுலுப் பையன், நல்ல பிள்ளை. "பாட்டி, இங்கே முன்பு தீவா இருந்தது?" என்று கேட்டான். "இல்லை, வேறு இடம்" என்று சொல்லி அரை மணி நேரம் கதை சொன்னேன். வரும் பள்ளி விடுமுறையில் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டி பிளாக் படிக்கட்டில் இருப்பேன். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு. எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும் என் பொறுப்பு, இனிப்பை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் இறுக மூடி போட்ட டப்பாவில் கொண்டுவாருங்கள். நாம் போன பிறகும் அந்த மலைக் குரங்குகள் எங்கேயும் போகவில்லை.

அன்புடன்,
1975ஆம் வருடத்துத் தமிழ் வகுப்பு மாணவி ஒருத்தி
சாட்ஸ்வொர்த், டர்பன்